நீலக்கண்ணனும் கோணவாயனும் சந்தித்த மத்தியானம்

வெயிலுமுத்துவை நல்ல கதைசொல்லி என்று சொல்ல முடியாது. ஒரே சாவை மூன்று பேருக்குக் கொடுப்பார். நேற்றுச் சுடப்பட்ட குதிரை இன்று ஓடும். ஆனாலும் பம்பாய்த் தாராவியில் தோல் பதனிடும் அந்த டேனரியில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவர் வாயைத் திறந்தால் இருபது பேர் உருட்டிய சோற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சாய்வான மரத்தில் ஈரத்தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் சவ்வு வழிப்பது அவர் வேலை. இங்கிலீஷ் தெரியாது. தமிழே எழுத்துக்கூட்டித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா நடைபாதைக்குப் போய்ப் பழைய அமெரிக்கப் படக்கதைப் புத்தகங்களைப் பொறுக்கி வருவார். குதிரை, தொப்பி, துப்பாக்கி. படத்தைப் பார்த்துப் பேச்சைத் தாமே கட்டிக்கொள்வார்.

அதில் இரண்டு புத்தகங்கள் அவரிடம் நிலைத்துவிட்டன. ஒன்றின் அட்டையில் கலர் போட்டோ. நீலக் கண், சிரிக்காத முகம். அவனுக்கு நீலக்கண்ணன் என்று பெயர் வைத்தார். மற்றதில் எல்லாமே வரைந்த படம். அந்தத் துப்பாக்கிக்காரனுக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும். அவன் கோணவாயன். வெவ்வேறு புத்தகத்து ஆட்கள். 1964 மழையில் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிகளில் வெள்ளம் ஏறி வேலை நின்ற வாரம், பொழுது போகாமல் வெயிலுமுத்து இருவரையும் ஒரே பாலைவனத்தில் இறக்கிவிட்டார்.

அதுதான் வினை. கோணவாயன் நாலு பிணத்தைப் போட்டுவிட்டுப் போன ஊருக்கு மறுநாள் நீலக்கண்ணன் வந்து சேருவான். இவன் எரித்த சாராயக்கடையின் சாம்பலில் அவன் சுருட்டு பற்றவைப்பான். சந்திக்கமாட்டார்கள். கேட்டவர்கள் இரண்டு கட்சியானார்கள். சுண்ணாம்புக் குழியில் நிற்பவர்கள் நீலக்கண்ணன் பக்கம். அவர்களுக்குப் பெரியவன் நெல்லையப்பன். தோல் சீவுகிறவர்கள் கோணவாயன் பக்கம். அவர்களுக்கு வெயிலுமுத்துவின் தம்பி பூலோகம்.

மாட்டுங்காவில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த பஞ்சாபகேசன், புத்தகக் குவியலுக்கு முன் நின்று ஒருநாள் விளக்கம் சொன்னார்.

“போட்டோ போட்டிருக்கானே, இவன் நிஜ மனுஷன்யா. டெலிவிஷன்னு ஒரு பெட்டி இருக்கு அமெரிக்கால. அதுல வாரா வாரம் வந்து சுடறான். இன்னொருத்தன் வெறும் இங்க்.”

இதை வெயிலுமுத்து டேனரியில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னார்.

“அப்ப எங்க ஆளு உசுரோட இருக்கான்” என்றான் நெல்லையப்பன். “ஒங்காளு மசி. தண்ணி பட்டா கலாஸ்.”

“உசுரோட இருக்கவன்தாம்லே சாவான். மசிக்கு ஏது சாவு?” என்றான் பூலோகம்.

“உசுரோட இருக்கவனச் செத்தாம்னு சொல்லாத. ஆவாது.”

அது டேனரியில் எல்லோரும் அஞ்சிய காரியம். உயிரோடிருக்கிறவனைச் செத்தான் என்று வாய் சொன்னால், சாவு அந்த வீட்டு வாசலைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்று நம்பினார்கள். பூலோகத்துக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

“செத்தான். நீலக்கண்ணன் செத்தான். நீயும் செத்தலே, நெல்லையப்பா.”

நெல்லையப்பன் கை கத்தியோடு எழுந்ததைத்தான் பார்த்தார்கள். பூலோகத்தின் இடது காதில் பாதி சுண்ணாம்புத் தண்ணீரில் விழுந்து மிதந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

டேனரி முதலாளி கலீலுல்லா இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “போலீஸ் வந்தா டேனரி பந்த். வெயிலுமுத்து, உன் கதையாலதான இவ்வளவும். நாளைக்கு அத முடிச்சித் தொலை.”

அன்று சாயங்காலம் பூலோகம் காதுக் கட்டோடு திண்ணமாகச் சொன்னான். “அண்ணே, நாளைக்கு நீலக்கண்ணன் விழணும். அவன் விழுத நேரத்துல நெல்லையப்பன் குடல உருவிருவேன்.”

“கோணவாயன் விழுந்தா?”

“அவனுவ சிரிப்பானுவ. சிரிச்ச வாயிலயே எறக்குவேன்.”

எப்படி முடித்தாலும் குத்து உண்டு. நெல்லையப்பனோடு பத்துப் பேர். பூலோகத்தோடு நின்றவர்களில் பாதிப் பேர் காது விழுந்த அன்றே நழுவிவிட்டார்கள். யார் சாவான் என்பதில் வெயிலுமுத்துவுக்குச் சந்தேகமில்லை. அவருக்குத் தம்பி உயிரோடு வேண்டும். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் யாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. நெல்லையப்பன் வலது கை லுங்கி மடிப்பில் இருந்தது. பூலோகம் தோல் சீவும் கத்தியை மறைக்கவேயில்லை.

வெயிலுமுத்து ஆரம்பித்தார்.

“ரெண்டு பேரும் எதிர எதிர நிக்கானுவ. காத்து இல்ல. நீலக்கண்ணன் முந்திக்கிட்டான். குண்டு தொப்புளுக்கு மேல.”

குழிப் பக்கம் ஒருவன் சிரித்தான். பூலோகம் எழுந்தான்.

“புஸ்தகத்துல சுட்டதும் விழுவான்லா? இவன் விழல. வயித்தப் பொத்திக்கிட்டு உக்காந்தான். வெரலுக்கு நடுவுல குடல் வருது. உள்ள தள்ளுதான். மறுபடி வருது. மண்ணோட சேத்துத் தள்ளுதான். தண்ணி தண்ணிங்கான். ஒரு பயலும் கொடுக்கல. மோண்டுட்டான். அழுதான். அம்மைய விளிச்சான். தொப்பி கீழ விழுந்துட்டு. அப்பத்தான் நீலக்கண்ணன் பாக்கான். எடது காதுல பாதியக் காணும். கட்டுப் போட்டிருக்கு. கட்டுல சுண்ணாம்புக் கறை.”

சிரித்தவன் நிறுத்தினான்.

“அது கோணவாயன் இல்ல” என்றார் வெயிலுமுத்து. “பூலோகம். எந்தம்பி. செத்துப்போனான். நான்தான் வாயில பால் ஊத்துனேன். உள்ள எறங்கல, கடவாய் வழியா வந்துட்டு.”

நெல்லையப்பன் கை லுங்கியிலிருந்து வெறுமனே வெளியே வந்தது.

“வேய், நிறுத்தும்” என்றான். “ஒம்ம கூடப் பொறந்தவன்வே. உசுரோட நிக்கான்.”

“இன்னும் பொணத்த எடுத்துப் போட்டது சொல்லலியே.”

“போதும்ங்கேன்.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் காறித் துப்பினான். அவன் ஆட்களும் பின்னாலேயே போனார்கள். தான் செய்ய நினைத்ததை அடுத்தவன் வாயால் முழுசாகக் கேட்டவனுக்கு அதைச் செய்யக் கை வரவில்லை போலும். வேறு காரணமும் இருக்கலாம், அவன் சொன்னதில்லை.

பூலோகம் நின்ற இடத்திலேயே நின்றான். முகம் ஊறிய தோல் மாதிரி வெளுத்திருந்தது. கத்தியை மரத்தின் மேல் வைத்தான். அண்ணனைப் பார்க்காமல் நடந்தான்.

மறுநாள் காலையில் பூலோகத்தின் மனைவி கோமதியம்மாள் டேனரி வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை. “எந்தாலிய வாயாலயே அறுத்துட்டீரே, அத்தான்” என்றாள். அந்த வாரமே இருவரும் கோவண்டிக்குக் குடிபோனார்கள். பூலோகத்துக்கு டிராம்பே எண்ணெய் ஆலையில் குழாய் பதிக்கும் வேலை கிடைத்தது. அண்ணனிடம் அதற்குப் பிறகு ஒரு சொல் பேசவில்லை.

நெல்லையப்பன் மூன்று வருஷம் கழித்து மாஹிமில் குத்துப்பட்டுச் செத்தான். வேறு ஆள், வேறு தகராறு. கதையால் அதைத் தடுக்க முடியவில்லை. அப்படி ஒரு பெருமையை வெயிலுமுத்துவும் கொண்டாடவில்லை. அவர் பிறகு கதையே சொல்லவில்லை. கேட்டால், சவ்வு வழிக்கும் கத்தியைத் தொடையில் துடைத்துக்கொண்டு, “எல்லாவனும் செத்துட்டானுவ” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது மாட்டுங்கா போவதில்லை. டிராம்பே பஸ்ஸில் ஏறி, வேலை மாறும் நேரத்துக்கு ஆலைக் கேட்டுக்கு எதிர்ப்புறம் போய் நிற்பார். நூற்றுக்கணக்கில் வருவார்கள், எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. முகம் பார்க்கமாட்டார். இடது காதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். பாதிக் காது ஒன்று கூட்டத்தில் தட்டுப்பட்டதும், அது தன் பக்கம் திரும்புவதற்குள், திரும்பும் பஸ்ஸில் ஏறிவிடுவார்.