தம்பியை விட்டுவிட்டார்களாம்

தம்பியைக் கோர்ட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த அன்று எங்கள் லயத்து வீட்டு வரிசையின் முனையில் பட்டாசு வெடித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் முந்தி என்ற சண்டையில், பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரரின் மணிக்கட்டை மம்பட்டிப் பிடியால் உடைத்தவன் அவன். அதற்குப் பட்டாசு வேறு வேண்டிக்கிடந்தது.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம் முழுக்க இரண்டே பேச்சுத்தான். எங்கள் ஆட்கள், "கேஸ் முடிஞ்சிருச்சி, தம்பிய விட்டுட்டாங்க" என்றார்கள். அடிபட்டவரின் ஆட்கள், "கைய ஒடச்சாலும் வீட்டுக்கு அனுப்புறாங்க, இதெல்லாம் ஒரு கோர்ட்டா?" என்று கறுவினார்கள்.

இரண்டுமே தப்பு. நான் அங்கே இருந்தேன். தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் சிங்களத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மளமளவென்று தமிழில் சொல்லி முடித்தார். வீட்டுக்குப் போகலாம் என்பது மட்டும்தான் இவன் மண்டையில் ஏறியது. வெளியே வந்ததும் எங்கள் சட்டத்தரணியை மறித்து விளக்கம் கேட்டேன்.

"ரெண்டு வருஷம் மறியல் தண்டனை போட்டாச்சு தங்கச்சி. ஜெயிலுக்கு அனுப்பாம அத அஞ்சு வருஷத்துக்கு நிறுத்தி வச்சிருக்கு. அதுக்குள்ள இவர் மறுபடியும் யாரையாவது அடிச்சி, அது குத்தம்னு ஆனா, பழைய ரெண்டு வருஷமும் சேந்து வரும்" என்றார்.

தம்பியிடம் சொன்னேன். சிரித்தான். "லோயர்மாரு அப்படித்தான்க்கா பயங்காட்டுவாங்க. விட்டுட்டாங்கன்னா விட்டுட்டாங்கதான்." பிறகு லயத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிய ஆரம்பித்தான். அறைந்துவிடலாம் போல இருக்கும்.

கை கோணிப்போன அந்த மனிதர் முதலில் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பவே மாட்டார். மேன்முறையீடு செய்ய வழி இருக்கிறதா என்று கேட்க, ஒருநாள் பதுளையில் வேறொரு சட்டத்தரணியிடம் போனார். திரும்பி வந்தவர் வேறு ஆளாக இருந்தார். தம்பியைப் பார்த்துச் சிரித்தார். பீலியில் தம்பியின் கேனை மெதுவாக நகர்த்திவிட்டுத் தன்னுடையதை வைத்தார். தம்பி முறைத்ததும், "என்னா தம்பி, கை அரிக்குதா?" என்று பணிவாகக் கேட்டார். இப்படியே தினமும் நடந்தது.

"பயந்துட்டான்க்கா, அதான் இளிக்கிறான்" என்றான் தம்பி.

அவர் தனியாக வந்தபோது வழியில் நின்று கேட்டேன். "எதுக்குண்ணே அவன வம்புக்கு இழுக்குறீங்க?"

அவர் கோபப்படவில்லை. "அவன விடலயாமே தங்கச்சி. லோயர் சொன்னாரு. இன்னும் ஒரே ஒரு அடி போதுமாம். நான் வாங்கிக்கிறேன். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார்.

அந்தத் தீர்ப்பு என்னவென்று தோட்டத்தில் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். தெரிய வேண்டியவன் மட்டும், எத்தனை முறை சொன்னாலும் நம்பாமல், மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவன் தண்ணீருக்குப் போனபோதெல்லாம் நானும் பின்னாலேயே போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் கேனைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். செத்துப்போன எங்கள் அப்பாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னார். தம்பி கையை ஓங்கினான். அவர் விலகவில்லை, முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் நடுவில் விழுந்தேன். அடி என் வாயில் பட்டு உதடு கிழிந்தது.

தம்பி அழுதுவிட்டான். லயமே வாசலுக்கு வந்து பார்த்தது. அந்த மனிதர் குனிந்து என் கேனை நிமிர்த்தி வைத்தார்.

"ரத்தம் வருதே தங்கச்சி. பொலிசுக்குப் போவோமா? நான் சாட்சி சொல்றேன்."

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன்.

"சரி" என்று சிரித்தார். ஐந்து வருடத்தில் முதல் வருடமே இன்னும் முடியவில்லை.