பாப்பா அம்மாவின் கையெழுத்து

என் அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய பார்வையாளர் பதிவேடு ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டில் நான் வேலை பார்த்த பெண் குழந்தைகள் இல்லம் வேறு கட்டடத்துக்கு மாறியபோது, எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த காகிதங்களிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. அதில் ஒரே ஒரு பக்கத்தைத்தான் எப்போதாவது திறப்பேன். பெயர், வந்த நேரம், எதற்காக, கையெழுத்து, வெளியே சென்ற நேரம் என்று கட்டங்கள். ஒரு வரியில் கடைசிக் கட்டம் மட்டும் காலி. ‘எதற்காக’ என்ற இடத்தில் ‘என் பாப்பாவ கூட்டினு போக’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஒரு கையெழுத்து. நன்றாக வளைத்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, புள்ளி வைத்து, தாசில்தார் போட்டதுபோல மிடுக்காக இருக்கும்.

அதைப் போட்டவளை இல்லத்தில் எல்லோரும் பாப்பா அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களிடம் வந்தபோது அவளுக்குப் பதினேழு முடிந்து நாலைந்து மாதம். கையில் பதினொரு நாள் பெண் குழந்தை. மாமல்லபுரத்தில் சிற்பக்கூடம் ஒன்றில் கல் அறுக்கும் பையனோடு போய், கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, அவன் அத்தை வீட்டில் இருந்திருக்கிறாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஆதாரைப் பார்த்து வயதை எழுதினார்கள். சட்டப்படி போலீசுக்குச் சொன்னார்கள். குழந்தை பிறந்த மறுநாள் பையன் சிறைக்குப் போனான். அத்தை வழக்குக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டாள். பெண்ணும் பிள்ளையும் இல்லத்துக்கு வந்தார்கள். மனம் தேற்றுவது என் வேலை; என் மேசையில் ‘ஆற்றுப்படுத்துநர்’ என்று பலகை இருந்தது. அதை இப்போது நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

பிள்ளை பெற்றதிலிருந்து எங்களிடம் இருந்த ஐந்து மாதம் வரை அவள் அதிகம் கேட்ட வார்த்தை ‘செல்லாது’. ஆஸ்பத்திரியில் தையல் போட ஒப்புதல் கேட்டார்களாம். அவள் பேனாவை வாங்கப் போனபோது, “மைனரு, உன் கையெழுத்து செல்லாது, பெரியவங்க யாரு?” என்று படிவத்தை இழுத்துக்கொண்டார்களாம். குழந்தைக்குத் தொப்புளில் சீழ் வைத்து மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதே பேச்சு, அன்றைக்குக் கையெழுத்துப் போட்டது நான். பையனுக்கு ஜாமீன் கேட்டபோது, ‘நானாகத்தான் விரும்பிப் போனேன்’ என்று நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். மைனரின் சம்மதம் சம்மதமே ஆகாது என்று வக்கீல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதை வாங்கி மடித்துக் குழந்தையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். “இன்னா மிஸ், நான் பெத்தது மட்டும் செல்லுமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சிரித்தேன். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று அப்போது தோன்றவில்லை.

அழுது புலம்புகிற ரகம் இல்லை அவள். ஒரு நோட்டு கேட்டாள், கொடுத்தேன். குழந்தை தூங்கும் நேரமெல்லாம் அதில் கையெழுத்துப் போட்டுப் பழகினாள். முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலப் பெயரை முழுதாக எழுதிக்கொண்டிருந்தவள், மெல்ல மெல்ல எழுத்துகளைக் கோத்து, சுழித்து, ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தாள். மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். “பதினெட்டு ஆவட்டும், அப்பால பாரு” என்பாள். கையெழுத்து ஒன்றுதான் தனக்கும் குழந்தைக்கும் நடுவில் நிற்கிறது என்று அவள் நம்பினாள். அப்படி நம்ப வைத்தவர்கள் நாங்கள்தான்.

ஐந்தாவது மாதம் அவளுடைய அம்மா வந்தாள். பொத்தேரியில் கல்லூரி விடுதி ஒன்றில் துப்புரவு வேலை. அதுவரை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காதவள். “இவள கூட்டினு போறேன். அத இன்னாத்துக்கு மேடம்? நாள பின்ன இவளுக்கு ஒரு வாழ்க்க வாணாமா?” என்றாள். குழந்தையின் பக்கம் திரும்பவே இல்லை. அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவளைப் பெற்றபோது தனக்குப் பதினாறு என்றும், யாரும் ஒரு வாய்ச் சோறு போடவில்லை என்றும் அவளே சொன்னாள். இல்லத்தில் பதினெட்டுக்கு மேல் வைத்திருக்க வழியில்லை. வேறு ஆதரவும் இல்லை. குழந்தையைத் தத்துக்கு ஒப்படைப்பது என்று பேச்சு வந்தது. பேசியவர்கள் பெரியவர்கள். அவள் குழந்தைக்கு உச்சி வகிடு எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

குழந்தைகள் நலக் குழு எங்கள் வளாகத்தின் முன்னறையில்தான் கூடும். ஒப்படைப்புப் பத்திரத்தைத் தலைவர் உரக்கப் படித்தார். மறுபரிசீலனைக்கு அறுபது நாள் அவகாசம் உண்டு, அதற்குள் வந்து கேட்கலாம், அதற்குப் பின் உரிமை இல்லை என்பதையும் படித்தார். “புரிஞ்சுதாம்மா?” என்றார். தலையாட்டினாள். கூட வந்த பெரியவர் என்ற முறையில் அவள் அம்மா சாட்சிக்குக் கைநாட்டு வைத்தாள். பிறகு பத்திரத்தை இவள் பக்கம் நகர்த்தினார்கள். நோட்டில் பழகியதைப் போடவில்லை அவள். பெயரை முழுதாக, பழைய பள்ளிக்கூட எழுத்தில் எழுதினாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தத்து மையத்து ஊழியரிடம் குழந்தையைக் கொடுத்து, “இடது தோள்ல போட்டாத்தான் தூங்கும். கொஞ்ச நாளு பாத்துக்கோங்கக்கா” என்றாள். அன்றைய அறிக்கையில் ‘அமைதியாகவும் பக்குவமாகவும் நடந்துகொண்டார்’ என்று நான் எழுதினேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் கேட்டாள்: “மிஸ், பதினெட்டு ஆச்சின்னா என் கையெழுத்து செல்லும்ல?”

“ஏன் செல்லாது? அப்புறம் எல்லாத்துக்கும் நீயே போடலாம்” என்றேன். தேற்றுகிறேன் என்று நினைப்பு எனக்கு. அம்மாவோடு ரயிலடிப் பக்கம் நடந்து போனாள். அதற்குப் பிறகு ஒரு போன் இல்லை. நானும் செய்யவில்லை. அறுபதாவது நாள் எனக்கு நினைவிருந்தது. மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பாள், கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன்.

அவளுடைய பிறந்தநாள் அறுபது நாள் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. மறுநாள் காலை காவலாளி வந்து, பாப்பா அம்மா வந்திருக்கிறாள் என்றார். புதுச் சுடிதார் போட்டிருந்தாள். கையில் ஆதார் அட்டை. ஒரு பையில் குழந்தைக்குக் கவுன், தொப்பி, மணி வைத்த செருப்பு. வளர்ந்திருக்கும் என்று எல்லாவற்றையும் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருந்தாள். வளாகத்துக்குள் வரும்போதே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். “நேத்தோட பதினெட்டு மிஸ். பாப்பாவ எங்க போயி வாங்கணும்?” என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. நீதானேம்மா எழுதிக் கொடுத்தாய் என்றேன்.

“அன்னிக்கி நான் மைனரு. மைனரு போட்டா செல்லாதுன்னு நீங்கல்லாம்தான சொன்னீங்க? அதான் சும்மா பேர எழுதிட்டுப் போனேன்.”

“அறுபது நாளுன்னு படிச்சாங்களே?”

“அது எங்கம்மாவுக்குன்னு நெனச்சேன். அதுதான கைநாட்டு வெச்சுது?”

அன்று குழு கூடும் நாள். அவளை இழுத்துக்கொண்டு போனேன். நானே மனு எழுதி, அவசரத்தில் நானே கையெழுத்தும் போட்டேன். தலைவர் கெட்டவர் இல்லை. சட்டப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார், தத்து மையத்துக்குப் போன் செய்தார். குழந்தையைத் தத்துக்கு விடலாம் என்ற உத்தரவு முந்தின வாரமே போயிருந்தது. ஏதோ ஊரில் ஒரு தம்பதி புகைப்படம் பார்த்துச் சம்மதம் சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டும் போயிருந்தார்கள். பெற்றவள் மைனராக இருந்தாலும், பெரியவர் சாட்சியோடு போட்ட ஒப்படைப்புக் கையெழுத்து செல்லும் என்று அவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். “அது மட்டும் எப்டி சார் செல்லும்?” என்றாள் அவள். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தலைவர் சட்டப் புத்தகத்தை மூடி ஓரமாக நகர்த்தினார். சாயங்காலம் வரை வாசல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்து போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

போன மாதம் உறவுக்காரர்களோடு மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரைக்குப் போகிற தெருவில் ஒரு கடையில் சின்னக் கல் யானையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையெல்லாம் வெள்ளைத் தூள். அவள்தான் என்னை முதலில் அடையாளம் கண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூல் எடுத்துப் போட்டாள், டீ சொன்னாள். ஜெயிலிலிருந்து வந்த பையன் ஒருமுறை வந்து குழந்தையைக் கேட்டானாம். அதற்கப்புறம் வரவில்லையாம். பேசிக்கொண்டிருக்கும்போதே பார்சல் கொண்டுவந்தவர் ஒரு தாளை நீட்டி, “கையெழுத்துப் போடுக்கா” என்றார். அவள் மேசை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துக் கட்டைவிரலை அழுத்தி வைத்தாள்.

“நீ அழகாப் போடுவியேம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“வாணாம் மிஸ். அன்னிக்கி உங்க வாசல் நோட்டுல போட்டதுதான் கடசி.” விரலைத் துணியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, “பாப்பாவுக்கு இப்ப அஞ்சு முடியப் போவுது. ஸ்கூல்ல சேத்திருப்பாங்கல்ல?” என்றாள்.

“சேத்திருப்பாங்கம்மா” என்றேன். எந்த ஊர், எந்த வீடு, என்ன பெயர், எனக்கு எதுவும் தெரியாது. கேட்டவுடன் பதில் சொல்கிற வாய் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டை எடுத்தேன். காலிக் கட்டத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு பக்கத்திலிருக்கும் கையெழுத்தைப் பார்த்தேன். போட்ட அன்று அவளுக்குப் பதினெட்டு ஆகி ஒரு நாள். ஆஸ்பத்திரிக்காரர், வக்கீல், குழுத் தலைவர், யார் பார்த்தாலும் அது செல்லும். அவள் போட்டதிலேயே யாரும் குறை சொல்ல முடியாத கையெழுத்து அது ஒன்றுதான். அது என் அலமாரியில் கிடக்கிறது.