அக்காவின் கில்ட்

எங்கள் பள்ளியின் சாரணியர் படைக்கு ஒரு பேண்டு இருந்தது. காஞ்சிபுரத்தில் நாதஸ்வரம் கேட்காத தெரு கிடையாது. ஆனால் பேக்பைப் ஊதிக்கொண்டு போகும் பெண்பிள்ளைகளை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. நீலச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், இடுப்பில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் போட்ட கில்ட் என்கிற மடிப்புப் பாவாடை, முழங்கால்வரை வெள்ளைச் சாக்ஸ். நாங்கள் கடைத்தெரு வழியாகப் போனால் பட்டுக்கடை வாசலில் நிற்பவர்கள், "கொசுவத்தப் பின்னாடி வச்சுக் கட்டிக்கினு போவுதுங்க பாரு" என்று சிரிப்பார்கள்.

நாங்கள் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அப்போது நான் அந்த வரிசையில் இல்லை. கில்ட் பத்துதான் இருந்தன, பைப் ஐந்து, மற்றவர்களுக்கு டிரம். நான் ரிசர்வ். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் அவளுடைய கில்டைக் கட்டிக்கொண்டு அவளுடைய இடத்தில் நிற்க வேண்டும். அதுவரை தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்து வர வேண்டும். இரண்டு வருஷத்தில் ஒருத்திக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை.

ஐந்தாவது பைப் என் அக்காவுடையது. கூடப் பிறந்தவள் அல்ல, பெரியம்மா மகள். செவிலிமேட்டில் ஒரே வீட்டில் கீழே அவர்களும் மாடியில் நாங்களுமாக இருந்தோம். அவள் ஒன்பதாம் வகுப்பு, நான் ஏழாம் வகுப்பு. முழங்கால் தெரிகிற உடுப்பு எதற்கு என்று பெரியப்பா ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா ஒரு பட்டுக்கடையில் வருகிறவர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டி மடித்து வைக்கும் வேலை பார்த்தாள். "ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் மடிச்சுட்டு வர்றேன், எம் பொண்ணுக்கு மடிக்க மாட்டனா?" என்று சொல்லி, வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கில்டைத் தானே இஸ்திரி போட ஆரம்பித்ததும் பேச்சு முடிந்துவிட்டது. ஒவ்வொரு மடிப்பையும் நூலால் லேசாக ஓட்டி, ஈரத்துணி போட்டு அழுத்தி, பிறகு நூலை உருவுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். கை வைக்க விடமாட்டாள்.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அதை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. கம்பளி உடம்பெல்லாம் அரித்தது. ஆனாலும் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அக்கா வீட்டில் பழகும் சின்னக் குழலை நானும் ஊதுவதுண்டு. எனக்கு விரல் அவளைவிடச் சீக்கிரம் படிகிறது என்று பேண்டு மிஸ் ஒருமுறை சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தை ஓட்டினேன்.

அந்த வருஷ மழைக்காலத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. முழங்காலெல்லாம் வலி என்றாள். பிறகு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கொஞ்ச நாளில் மாடிக்கு ஏறி வரும்போது பாதிப் படியில் நிற்க ஆரம்பித்தாள். என்னக்கா என்றால், "ஒண்ணுமில்லடி, செருப்பு வாரு கழண்டுக்கிச்சு" என்பாள். வெறுங்காலோடு நின்றுகொண்டு அப்படிச் சொல்வாள்.

மாவட்டச் சாரணியர் ரேலிக்கு ஒரு மாதம் இருந்தபோது இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். பைப்பில் காற்றை வாயால் ஊதிப் பைக்குள் நிரப்பி, கையால் அமுக்க வேண்டும். அக்காவின் கன்னம் உப்பும், விரல்கள் துளைகளில் ஓடும், ஆனால் அவள் பை தொளதொளவென்று கிடக்கும். ஐந்து பைப்பில் ஒன்று ஒலிக்காவிட்டால் யாருக்குத் தெரியும்? பாட்டிலைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்ற எனக்குத் தெரிந்தது.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்ளோதான். அம்மாகிட்ட சொல்லிடாத, என்னா? ரேலி முடியட்டும், நானே சொல்லிடறேன்."

பெரியம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று அக்காவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. பேண்டு மிஸ்ஸிடம் சொன்னேன். திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொன்னேன்: "மிஸ், அக்கா பைப் ஊதறதே இல்ல மிஸ். ஊதற மாதிரி சும்மா வாயில வச்சுக்கினு இருக்குது." மூச்சு வாங்குவதைப் பற்றியோ படியில் நிற்பதைப் பற்றியோ நான் ஒன்றும் சொல்லவில்லை. மிஸ் கேட்கவும் இல்லை.

அன்று சாயந்திரம் முழு உடுப்போடு ஒத்திகை. மிஸ் கெட்டவர் அல்ல. ஒவ்வொருத்தியாக முன்னால் வந்து தனியாக ஊதச் சொன்னார். அக்காவின் முறை கடைசியில் வந்தது. அவள் வரிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஒரு பாட்டிலின் மூடியை இறுக்கினேன்.

அவள் ஊதினாள். முதல் சுற்று, மற்ற நால்வரில் ஒருத்தியும் ஊதாத அளவுக்குச் சுத்தமாக வந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில் சத்தம் இறங்கி, மாடு முனகுவதுபோல் இழுத்து, நின்றது. அக்கா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் மழையில் மைதானம் சேறாக இருந்தது. அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல் ஆகியிருந்தது. மிஸ் போனை எடுத்துப் பெரியம்மாவைக் கூப்பிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல்தான் அப்படிச் செய்துவிட்டதாம். சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் ஊதியிருந்தால் மைதானத்திலேயே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மிஸ் என்னைப் பற்றிப் பெரியம்மாவிடம் சொல்லியிருந்தார். பெரியம்மா மாடிக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "நீ சொல்லலைன்னா எம் பொண்ணு இன்னைக்கு இல்லடி கண்ணு" என்று அழுதாள். பெரியப்பா எனக்கு ஒரு புது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். நானும் இரண்டு நாளில் அதை நம்பிவிட்டேன். அக்காவைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று எனக்கே தோன்றியது.

கில்ட் எனக்கு வந்தது. பெரியம்மாதான் சேற்றை அலசி, மடிப்பு ஓட்டி, இஸ்திரி போட்டாள். என் இடுப்புக்கு அது தொளதொளவென்று இருந்ததால் பக்கிளை மாற்றித் தைக்க வேண்டியிருந்தது. சென்னைக்குப் போக நாள் குறித்து வீட்டில் படுத்திருந்த அக்கா, நான் தைக்கிறேன் என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். மூன்று தலையணையில் சாய்ந்தபடி என் இடுப்பை நூலால் அளந்தாள். அப்போது அவள் பேசியது ஒன்றுதான்: "மூச்ச இழுத்துப் புடிக்காத. சாதாரணமா நில்லு."

ரேலியில் நான் ஒரு தப்பும் இல்லாமல் ஊதினேன். பெரியம்மா கடையில் அனுமதி கேட்டு மைதானத்துக்கு வந்திருந்தாள். தூரத்தில் கில்ட் வரிசையைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள். நாங்கள் கிட்டே நெருங்கியதும் அந்தக் கை மெதுவாக இறங்கிவிட்டது. கூட்டத்தில் என்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, தாண்டிப் போகும்போது அவளைப் பார்த்துச் சிரித்தேன்.

அக்காவுக்குச் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வரவில்லை. வால்வு மாற்றிய பிறகு காய்ச்சல் கண்டு, பதினோரு நாள் இருந்து, போய்விட்டாள். பிறகு நான் பேண்டிலிருந்து விலகிக்கொண்டேன். பரீட்சை என்று காரணம் சொன்னேன். பெரியம்மா இன்றைக்கும் உறவுக்காரர்கள் நடுவில் என் தலையைத் தடவி, "இவதான் அன்னைக்குச் சொன்னா" என்கிறாள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். பெரியவர்கள் டாக்டரைப் பார்க்கப் போனார்கள். நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். போனில் ரேலி வீடியோ இருக்கிறது, காட்டட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். பிறகு, "நீ மொதல்ல மிஸ்கிட்டதான சொன்னே?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"மூச்சு வாங்குதுன்னு சொன்னியா?"

"இல்லக்கா. ஊதலைன்னு சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன்.

"சரி, ரேலியில எப்படி ஊதின? சொல்லு" என்றாள்.

அதற்காகவே காத்திருந்தவள்போல் நான் ஆரம்பித்தேன். எங்கே திரும்பினோம், யார் கைதட்டினார்கள், இரண்டாவது சுற்றில் என் பைப் மட்டும் எப்படித் தனியாகக் கேட்டது, கலெக்டர் எங்கள் கில்டைப் பார்த்து என்ன கேட்டார், எல்லாம் சொன்னேன். நடுவில் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் விழித்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, மீதியையும் சொல்லி முடித்தேன்.