முன் அனுபவம்: ஒன்றும் இல்லை

இங்கே வகுப்பில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தலை முழு வழுக்கை. முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் நான் சடக்கென்று எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அவர் வேறு யாருக்கோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், பன்னிரண்டு வருடம் பாலம் கட்டிய மனிதர், அவரும் மாணவராம்! அமெரிக்காவில் இது சகஜம். வேலை பார்த்துக் கை காய்த்த பிறகுதான் எம்.எஸ். படிக்க வருகிறார்கள். ஒரே மூச்சில் படித்து முடித்து, மீசை ஒழுங்காக அரும்புவதற்குள் வந்து நிற்கிறவன் நான் ஒருவன்தான்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் எங்கள் துறையின் விதி விடவில்லை. முன் அனுபவம் இல்லாதவன் முதல் வருடம் பம்பு ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கக் கூடாது. எனக்கு விசா இரண்டே வருடம். ஒரு வருடம் வெளியே நின்றால் ஆய்வு முடியாது, பட்டம் கிடைக்காது, வெறுங்கையோடு செஞ்சிக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

இங்கே சேர நான் அனுப்பிய விண்ணப்பம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு எதிரே டைப் கடையில் அடித்தது. டைப் அடிக்கும் அண்ணன் ஒரு கட்டத்தில் நிறுத்தி, "தம்பி, முன்ன வேல பாத்த அனுபவம்னு கேக்கறான். இன்னா போட?" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னு போடுண்ணே."

கூட நின்ற நைனா பெருமையாகத் தலையாட்டினார். "ஆமாம்ப்பா. எம்புள்ள ஒரு வேலைக்கும் போவல. படிப்பே கதின்னு கெடந்தான்."

இதைச் சொல்லும்போது அவர் வேட்டியில் கிரீஸ் கறை. என் நகக்கண்ணிலும் அதே கறை. கரண்ட் வராத எங்கள் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டிவிட்டு நேராக வந்திருந்தோம். எட்டாம் வகுப்பிலிருந்து லீவு நாளெல்லாம் எனக்கு அதுதான் பிழைப்பு. ஆனால் அதை யாராவது வேலை என்பார்களா? வேலை என்றால் ஆபீஸ், கையெழுத்துப் புத்தகம், மேலே ஒரு மேலதிகாரி. சொந்தக் கிணற்றில் இறங்குவதற்குப் பெயர் வேலையா, போங்கள்!

போன மாதம் பல்கலைக்கழகப் பண்ணையில் பேராசிரியர் எங்களுக்கு ஒரு பம்பை ஓட்டிக் காட்ட வந்தார். அது குட்டைத் தண்ணீரை இழுக்கவே இல்லை. குழாயின் அடி வால்வு கசிந்து, ஊற்றிய தண்ணீரெல்லாம் கீழே இறங்கிப் போனது. புது வால்வு வர இரண்டு நாள் ஆகுமாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், பண்ணைக்காரரிடம் ஒரு வாளி சாணி கேட்டேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "உங்கள் ஊர்ப் பிரார்த்தனையா?" என்று பயபக்தியோடு கேட்டார்.

"இல்லை ஐயா, பம்புக்குள் ஊற்ற."

அதற்கு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றினேன். சாணி நார் போய்க் கசிவை அடைத்துக்கொண்டது. இன்ஜினை முடுக்கியதும் தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. வழுக்கைத் தலை நண்பர் விசிலடித்தார்.

"எங்கே கற்றாய்? எத்தனை வருடம்?" என்றார் பேராசிரியர். வீட்டில், எட்டு வருடம் என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பிறகு ஏன் ஒன்றும் இல்லை என்று எழுதினாய்? உன்னை வேலைக்கு வைத்திருந்த முதலாளியிடம் கையெழுத்து வாங்கு. ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு படிவத்தை நீட்டினார்.

முதலாளியா? நைனாவா? படிவத்தை ஏர்மெயிலில் அனுப்பிவிட்டு ஒரு மாதம் தபால்பெட்டியே தவம் என்று கிடந்தேன். நேற்று வந்தது. கூடவே நைனாவின் கடிதம்.

"தம்பிக்கு, டைப் கட அண்ணன் எல்லாம் படிச்சுச் சொன்னான். பெத்த புள்ளைய கூலிக்கு வெச்சேன்னு எழுத எனக்கு மனசு வர்ல. அந்தக் கெணறு ஒனக்குன்னு வெட்னது. ஒன் நெலத்துல இத்தினி நாளா நான்தான் ஆளா ஒழைக்கறேன். அதான் பேர மாத்திப் போட்டேன். தப்பா இருந்தா ஒங்க வாத்தியார கோச்சிக்க வாணாம்னு சொல்லு. வேளைக்குச் சாப்புடு."

முதலாளி என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. வேலையாள் என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். படுக்கையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

பேராசிரியருக்குக் கடிதத்தை வரி வரியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். படிவத்தைத் திருத்தச் சொல்லவில்லை. அப்படியே முத்திரை குத்திக் கோப்பில் வைத்தார். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆய்வுக்கூடம்.

ஆக, இந்த நாட்டுக் காகிதப்படி செஞ்சியில் ஒரு கிணற்றுக்கு நான் முதலாளி. வேலையாள் ஒரு நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கிறார். முதலாளிதான் ஊரில் இல்லை.