தெற்குச் சுவரில் ஒரு செருப்புக் குறி

ஞானமுத்து அய்யா போய்விட்டார். காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போதே போன் வந்தது.

எங்கள் ஊர் மெதடிஸ்ட் சர்ச்சில் மணி அடித்துக்கொண்டிருந்தவர். போன் செய்தது சர்ச் கமிட்டி செயலாளர்.

"நாளைக்கு அடக்கமுங்க. 'சபையின் வரலாற்றுப் பெட்டகம்'னு பெருசாப் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் ரெடி பண்ணிருங்க."

வரலாற்றுப் பெட்டகமாம்... த்தூ.

நான் அந்தச் சபைக்காரன் இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் டி.டி.பி. கடை வைத்திருப்பவன். அவர்களுடைய நூற்றாண்டு மலரை டைப் செய்தவன் நான்தான். அதனால்தான் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அந்தச் சமயத்தில் அய்யா ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தார். சர்ச்சைக் கட்டியது வெள்ளைக்கார துரை என்று வாசல் கல்வெட்டு சொல்கிறது. சரி... கல்லைச் சுமந்தது யார்?

சேரியிலிருந்து வந்த இருபத்திமூன்று குடும்பங்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கரட்டுக் குன்றிலிருந்து ஆளுக்கொரு கல் தூக்கி வருவார்களாம். யாருக்கும் எழுதத் தெரியாது. அதனால் குடும்பத்துக்கு ஒரு குறியைக் கல்லில் கொத்தி வைத்தார்கள். ஏணி, மீன், மண்வெட்டி... தெற்குச் சுவர் முழுக்க அதுதான்.

அய்யா ஒவ்வொரு குறியையும் பென்சிலில் வரைந்து, பக்கத்தில் பேர் எழுதியிருந்தார்.

"இந்தச் செருப்பு எங்க தாத்தனுதுங்க சாமி. செருப்புத் தைக்கிற மனுசன், வேற எதப் போடுவாருங்க? பொஸ்தகத்துல ஒரே ஒரு பக்கம் வந்தாப் போதுங்க."

பார்த்துப் பார்த்து அந்தப் பக்கத்தைப் போட்டேன். புரூஃப் பார்க்க வந்த செயலாளரின் மூஞ்சி சுருங்கிப்போனது.

"ஏனுங்க, சர்ச் பொஸ்தகத்துல செருப்புப் படமா? பழசு எதுக்குங்க இப்ப? கர்த்தருக்கு முன்னால எல்லாரும் ஒண்ணுதானுங்களே. அத எடுத்துப்போட்டு கமிட்டி போட்டோவ முழுப் பக்கமா வெச்சுருங்க."

எல்லோரும் ஒன்றாம். அந்த போட்டோவுக்குக் கீழே யார் பேர் முதலில் வரவேண்டும் என்று மூன்று தடவை மாற்றச் சொன்னார்கள்!

நான் என்ன கிழித்தேன்? டெலீட் அடித்தேன். கஸ்டமர் அல்லவா... அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மலர் வெளியான மறுநாள் அய்யா கடைக்கு வந்தார். கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு தாளாகத் தேய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு பக்கம் ஒட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க சாமி. கொஞ்சம் பிரிச்சுக் குடுங்க."

வாங்கி, நானும் ஸ்கேலை விட்டுப் பிரிப்பது போல நடித்தேன். அப்புறம், பிரஸ்ஸில் விட்டுப்போச்சு என்று பொய் சொன்னேன்.

"செரிங்க சாமி. அடுத்த வாட்டி போட்டுருங்க."

நூற்றாண்டு மலருக்கு ஏது அடுத்த வாட்டி?

அதே மாதம் தெற்குச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். "பாத்ரூமாட்ட இருக்குதுங்க" என்றார் அய்யா. குறிகளெல்லாம் உள்ளே போய்விட்டன. மிச்சம் இருப்பது அந்த நோட்டும், என் கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்கேனும்தான்.

இன்றைக்கு மத்தியானம் அய்யாவின் மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "போடுங்கண்ணா. அப்பா கேட்டதே அது ஒண்ணுதானுங்களே" என்று சொல்லிவிட்டு அழுதான்.

ஃபிளெக்ஸ் பிரிண்டுக்குப் போய்விட்டது. பெட்டகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அய்யா படம், பக்கத்தில் அவர் கையால் வரைந்த செருப்பு, கீழே அவர் தாத்தா பேர். செயலாளருக்குப் பிடிக்காவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்ளட்டும்.

அய்யா... அன்றைக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளவில்லை. நான்தான் எடுத்தேன்.

போயிட்டு வாங்க.