லண்டானா என்று நான் எழுதிய வெர்பினா

செடி விற்பவனுக்குச் செடியின் பெயர் தெரியும் என்று ஜனங்கள் நம்புவதால்தான் எங்கள் தொழில் ஓடுகிறது. பெயர் அட்டை எழுதிப் பிழைக்கும் மற்ற நர்சரிக்காரர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். புரியாதவர்கள் இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

லாரிக்காரர் சொன்னது

என் நர்சரி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில். நாற்று ஆந்திராவிலிருந்து லாரியில் வரும். வெர்பினாவும் படரும் லண்டானாவும் ஒரே குடும்பம். இரண்டுக்கும் எதிரெதிர் இலை, ஓரத்தில் பல், கொத்தாக ஊதாப் பூ. வழியில் வாடாமல் இருக்கப் பூவைக் கிள்ளிவிட்டு அனுப்புவார்கள். அப்போது பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குணம் மட்டும் வேறு. லண்டானா காய்ந்த மண்ணிலும் கிடக்கும். வெர்பினா தண்ணீர் குறைந்தால் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சுருண்டுவிடும்.

ஒருமுறை ஐம்பது ட்ரே நாற்று இறங்கியது. ஒன்றிலும் பெயர் இல்லை. எது எது என்று கேட்டேன். லாரிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "எல்லாம் ஒண்ணுதான் நைனா. பூ வந்தா அதுவே பேரு சொல்லும்."

மூக்கு

பூ வரும்வரை காத்திருந்தால் வியாபாரம் நடக்காது. நான் இலையைக் கசக்கி முகர்வேன். லண்டானா என்றால் மூக்கைப் பிடுங்கும் ஒரு காட்டம் அடிக்கும். வெர்பினாவில் பச்சை வாசனை மட்டும். முப்பது வருடம் இதுதான் என் பரீட்சை. சில வருடம் முன்பு வந்த காய்ச்சலில் வாசனை போனது. திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எவன் வாங்குவான்?

திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் பெரியவர் ஒருவர் வீட்டு முற்றத்துக்கு வெர்பினா கேட்டார். கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் தொட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பூத்திருந்தது லண்டானா. மாற்றிக் கொடுத்தேன். ஆட்டோவில் ஏறும்போது கேட்டுவிட்டுப் போனார்: "பக்கத்துல நிக்க முடியலையே ஓய், உமக்கு மூக்கே கிடையாதா?"

அன்றைக்கே கண்ணையும் விரலையும் பழக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை.

ராணி

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. கேட்டுக்குப் பக்கத்தில் மண்மேடு. தண்ணீர் டேங்கரில் வருகிறது, வாரம் இரண்டு நாள்தான். அதைத் தாங்கும் செடி வேண்டும் என்றார் நிர்வாக அதிகாரி. படரும் லண்டானா என்றேன். அவர் எதிரிலேயே ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி, பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனேன். ஒன்றும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். லாரியில் பெயரில்லாமல் வந்த அந்த ஐம்பது ட்ரேக்கும் 'லண்டானா' என்று அட்டை எழுதிச் செருகினேன். எப்படித் தண்ணீர் விடுவது என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை அப்படியே செக்யூரிட்டி ரூமில் ஒட்டிவிட்டார்கள்.

அங்கே தோட்ட வேலை ராணிக்கு. வள்ளூர்க்காரி, ஒப்பந்தத் தொழிலாளி. அவள் புருஷனுக்குக் கிட்னி போய் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வேலையோடு வந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவ அட்டையில்தான் அந்த ஆள் உயிரோடு இருக்கிறார். நட்ட அன்றைக்கே அவள் இலையைத் தடவிப் பார்த்தாள். "இன்னா ஐயா, இது மெத்துன்னு கீது? லண்டானா சொரசொரன்னு இருக்கும்ல?"

முப்பது வருசமாக இதான் என் வேலை, நீ குழியை நோண்டு என்றேன்.

"செரி ஐயா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சித்திரை

மாசியில் பூத்ததாம். நான் போய்ப் பார்க்கவில்லை. சித்திரையில் போன் வந்தது. போனேன். மேடு முழுக்கத் துடைப்பக் குச்சி மாதிரி காய்ந்து கிடந்தது. குழாய் ஓரம் ஒரு கொத்து மட்டும் பூவோடு. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு இதழ் நுனியிலும் சின்ன வெட்டு. லண்டானாவுக்கு அந்த வெட்டு கிடையாது. வெர்பினா. ஐம்பது ட்ரேயும் வெர்பினா.

மறுநாள் தலைமை ஆபீசிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்களாம். அதிகாரி வியர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார். ராணி ஹோஸைப் பிடித்தபடி, "தாள்ல போட்ட மாதிரியேதான் சார் ஊத்துனேன், வேணும்னா செக்யூரிட்டியாண்ட கேளு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வெயில் அதிகம் என்றேன். அதிகாரி என் பக்கம் திரும்பினார்: "லண்டானா சாகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப இந்தம்மா தண்ணி ஊத்தல. அவ்ளோதான் மேட்டர்."

மூன்று நாள் கழித்து

தூக்கம் வரவில்லை. ஒரு வெர்பினா, ஒரு லண்டானா, இரண்டையும் தொட்டியில் எடுத்துக்கொண்டு அதே அதிகாரியிடம் போனேன். பெயர் தப்பு, எழுதியது நான், அந்தப் பெண் மேல் குற்றமில்லை என்று சொன்னேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அந்தம்மாவ அன்னிக்கே நிறுத்தியாச்சு சார். வேற ஆள் போட்டாச்சு. நீங்க செடிய மாத்திக் குடுங்க, போதும்."

வள்ளூர்

விசாரித்துப் போனேன். ராணி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உள்ளே புருஷன் படுத்திருந்தார், கால் இரண்டும் வீங்கி. வேலை போனதால் ஈ.எஸ்.ஐ. அட்டை இன்னும் சில மாதம்தான் செல்லுமாம். அதற்குள் வேறு கம்பெனியில் சேர வேண்டும். நான்கு இடம் கேட்டிருக்கிறாள். எல்லோரும் பழைய இடத்துக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள்.

செடியின் பெயர் தப்பு, அதிகாரியிடம் சொல்லிவிட்டேன் என்றேன். என் நர்சரியில் வேலை தருகிறேன் என்றேன். என்னோடு இருப்பது மூன்று பேர், பத்துப் பேர் இல்லாத இடத்தில் ஈ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் கிடையாது என்பதையும் சொன்னேன்.

அவள் கையைக்கூடக் கழுவவில்லை. "நட்ட அன்னிக்கே நான் கேட்டேன். சரி, அன்னிக்கு உனுக்குத் தெரியல. பூவப் பாத்தப்ப தெரிஞ்சிச்சில்ல? அந்தாளு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லாம, இப்ப என் ஊட்டு வாசல்ல வந்து யாருக்குய்யா சொல்ற?"

பெயர் தப்பாக எழுதினால் வேறு செடி கொடுத்துச் சமாளித்துவிடலாம், வாயை மூடிக்கொண்டு நின்றதற்கு எந்த நர்சரியிலும் மாற்று ட்ரே கிடையாது.