அளந்து அனுப்பிய வழி

முப்பது வருஷமாகக் கோட்டு தைக்கிற அந்தத் தையல்காரர் டேப்பைத் தவிர வேறு எதையும் நம்பமாட்டார். மனைவி அவருக்கு வைத்திருந்த பெயரே அளவுக்காரர்.

ஒரே மகளுக்கு உலகத்தின் அந்தக் கோடியில் வேலை கிடைத்தது. விமானம் என்றாலே அவருக்குப் பயம். கடல் மேல் பறப்பது என்றால் கேட்கவே வேண்டாம். கடைச் சுவரில் உலக வரைபடத்தை மாட்டி, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு டேப்பை இழுத்துப் பிடித்தார். வழிநெடுகத் தரை.

மகளோ இரண்டு இடத்தில் மாறிப் போகிற டிக்கெட்டைப் பார்த்து வைத்திருந்தாள்.

"அது வேண்டாம்மா. நேரா போறதுல போ. ஒண்ணுன்னா இறங்கக் கீழ தரையாவது இருக்கும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். டேப் கணக்கில் பதினோராயிரம் கிலோமீட்டர் வந்தது. விமானக் கம்பெனி எட்டாயிரத்து எழுநூறு என்றது. "அளக்கத் தெரியாதவனுங்க" என்று சிரித்தார்.

விடிகாலையில் அவளை ஏற்றிவிட்டுக் கடையைத் திறந்தவர், விமானம் போகிற இடத்தைக் காட்டும் செல்போனைத் தையல் மெஷின் மேல் சாய்த்து வைத்தார். பத்து மணிக்குப் பார்த்தால் அந்தக் குட்டி விமானம் அவர் அளந்த கோட்டில் இல்லை. வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்றுக்குத் தரை முடிந்து நீலம் வந்துவிட்டது. அவர் செல்போனைக் கையில் எடுத்துக்கொண்டார். வழி தப்பிவிட்டதா, யாராவது கடத்திவிட்டார்களா?

"பனிக்கடல் மேல போகுதுடி."

"ஓட்டறவனுக்குத் தெரியாத வழியை நீங்க இங்கேருந்து சொல்லப் போறீங்களா?" என்றாள், பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி. ஆனால் அவள் ஊசியும் நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்துத் தொந்திக்காரர் ஒருவர் அளவு கொடுக்க வந்தார். வயிற்றின் நடுவில் டேப்பைச் சுற்றி இறுக்கினால், அது வழக்கம்போல வழுக்கி மேலே ஏறி, சுற்று குறைகிற இடத்தில் போய் நின்றது. தையல்காரர் அப்படியே நின்றுவிட்டார். உருண்டை மேல் இழுத்துப் பிடித்தால் டேப் மேலேதான் போகும். அங்கேதான் தூரம் குறைவு. உலகமும் உருண்டைதானே. அப்படியானால் கம்பெனி சொன்ன எட்டாயிரத்து எழுநூறுதான் சரி.

"வழி தப்பலை" என்றார்.

"அப்பாடா" என்று மனைவி மறுபடி ஊசியை எடுத்தாள்.

அவருக்கு அந்த அப்பாடா வரவில்லை. விமானம் சரியான வழியில்தான் போகிறது. அந்த வழிதான் கடல் மேல் இருக்கிறது. மகள் பார்த்து வைத்த டிக்கெட்டில் ஊர் ஊராக இறங்கிப் போயிருந்தால் பெரும்பாலும் தரை மேலேயே போயிருப்பாள். பிடிவாதம் பிடித்துக் கடல் மேல் ஏற்றிவிட்டது பெற்ற அப்பன். மதியம் சோறு இறங்கவில்லை. திரையில் நீலம் தீர்ந்தபாடில்லை.

சாயங்காலம் போன் வந்தது.

"நல்லபடியா இறங்கிட்டேன்பா. நடுவுல ரொம்ப ஆடிடுச்சு. பக்கத்து சீட்டு அக்கா அழுதே அழுதுட்டாங்க. கீழ வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. எங்கப்பா அளந்து பார்த்துட்டார், அது பனி கொட்டின தரைதான்னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேருமே தூங்கிட்டோம். திரும்பி வரும்போதும் இதுலயே வரேன்பா."

தையல்காரர் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். அளவில் அரை அங்குலம் பொய் சொல்லாத மனுஷர்.

"தரைதாம்மா" என்றார். போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.